திரும்பிப் பார்த்த அன்னம்

காஞ்சிபுரத்துக்காரர்களைப் பயமுறுத்துவது லேசான காரியம் அல்ல. அவர்கள் பிறந்த நாளிலிருந்தே விநோத மிருகங்களுக்கு நடுவில் வளர்கிறவர்கள். கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் நிறுத்திவைத்த சிங்கங்கள் தூணுக்குத் தூண் பின்னங்கால்களில் எழும்பி நின்றபடி நம்மைப் பார்த்து விழிக்கின்றன. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போனால், வீரர்களைச் சுமந்துகொண்டு பாயும் குதிரைகளும் யாளிகளும். உற்சவ நாளில் அந்த யாளி வாகனமாகிப் பெருமாளையே சுமந்துகொண்டு வீதிக்கு வந்துவிடுகிறது. சரி, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றால், அம்மாவின் கல்யாணப் பட்டுப் புடைவைக் கரையில் இன்னும் பத்து யாளிகள் வரிசை பிசகாமல் நடந்துகொண்டிருக்கின்றன.

யானையையே அடித்துக் கொல்லும் என்று சங்கப் புலவர்கள் பாடிய பிராணி அது. அதன் காலடியில் சௌகரியமாக முதுகைச் சாய்த்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்கிற சிறுவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாளி என்ன செய்யும், பாவம்! ஆயிரம் தடவை பார்த்த முகத்தைப் பார்த்து யார்தான் நடுங்குவார்கள்?

இந்த யாளியின் கஷ்டம் எனக்கு நன்றாகப் புரியும். நானும் அதே தொழிலில் இருக்கிறவன்தானே? நாவல் எழுதுகிறவன் பிழைப்பு, அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியாதவர்களை நம்பி நடக்கிற பிழைப்பு. தெரியாதவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆயிரம் கதை படித்துவிட்டு, ஆயிரத்தோராவது கதையைக் கையில் எடுக்கிற வாசகர் இருக்கிறாரே, அவருக்குக் கதாநாயகி இருமினால் போதும், எத்தனையாவது அத்தியாயத்தில் சாகப்போகிறாள் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு நிமிஷம், 'அட, இது என்ன!' என்று தோன்றும்படி செய்ய வேண்டும். எந்தப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுத உட்கார்ந்தாலும் என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் இதுதான்.

அந்தத் தூக்கக்கேடு என் தங்கை மகனுக்கும் உண்டு என்பது சென்ற வைகாசியில்தான் தெரிந்தது.

தங்கையைக் கொடுத்திருப்பது முசரவாக்கத்தில். காஞ்சிபுரத்தை அடுத்த கிராமம். கருடசேவை பார்க்கப் போனவன், தங்கையின் வற்புறுத்தலால் அவள் வீட்டில் நாலு நாள் தங்கினேன். மாப்பிள்ளை நெசவாளி. வீட்டுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் குழித்தறி. அதன் தடக்தடக் சத்தத்தைத் தாண்டித்தான் யாரும் யாரோடும் பேச வேண்டும். மகன் பொறியியல் படித்து முடித்திருக்கிறான். அவன் தூக்கத்தைக் கெடுத்தது பரீட்சையோ, காதலோ அல்ல, ஒரு ராட்சசன்.

"மாமா, நீங்கதான் கதை எழுதுறவராச்சே. யாரும் இதுவரைக்கும் கேள்விப்படாத ஒரு ராட்சசன் வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்" என்றான்.

விஷயத்தை விசாரித்தேன். ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவன் கதை நடத்துகிறவன்; மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "நீங்கள் ஒரு பாழுங்கோட்டை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே முனகல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பான் கதை நடத்துகிறவன். "கதவை உடைக்கிறேன்" என்பான் ஒருவன். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சாதாரணப் பகடை அல்ல, இருபது முகம். 1974-ஆம் ஆண்டில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர் வைத்து வெளியிட்ட ஆட்டம் இது. அரை நூற்றாண்டுக்குள் முசரவாக்கம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கதை நடத்துகிறவனுக்கு 'டி.எம்.' என்று பெயர். நிலவறைக்கு எஜமானன் என்று அர்த்தமாம். எங்கள் பையன்தான் எஜமானன்.

பகடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தங்கைக்கு முகம் மாறிவிட்டது. "தருமரு ஆடினது போதாதா? இவன் வேற ஆடணுமா?" என்றாள். பணம் வைக்கிற ஆட்டம் இல்லை என்று நான் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகுதான் காப்பி வந்தது.

பையனின் கூட்டாளிகள் நாலு பேர். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் இந்த ஆட்டம். ஒருவன் காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். ஒருவன் மேலே படிக்கிறான். ஒருவன் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்காருகிறான். ஒருவன் வேலை தேடுகிறான். ஆட்டத்தில் இவர்கள் முறையே வில்லாளி, மந்திரவாதி, வாள்வீரன், திருடன்.

"அவனுங்களுக்கு எல்லாம் மனப்பாடம் மாமா. டிராகன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள, 'செவப்பா, கறுப்பா'ன்னு கேக்குறான். செவப்புன்னா நெருப்பு துப்பும், கறுப்புன்னா ஆசிட் துப்பும். ட்ரோல்னு ஒண்ணு, வெட்ட வெட்டச் சதை வளரும். அது குகையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே தீப்பந்தம் கொளுத்திக்கிட்டு நிக்கிறான், தீயில பட்ட காயம் வளராதுன்னு தெரிஞ்சுக்கிட்டு. போன வாரம் திருடன் நடு ஆட்டத்துல கொட்டாவி விட்டான். இன்னும் ரெண்டு வாரம் இப்பிடியே போச்சுன்னா யாரும் வர மாட்டாங்க."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதைக் கேட்ட பிறகு எனக்கும் இது விளையாட்டாகத் தோன்றவில்லை.

அந்த ஆட்டத்துக்கென்று 1977-இல் ஒரு ராட்சசக் களஞ்சியமே அச்சாகியிருக்கிறது. பையன் கைப்பேசியில் படங்களைக் காட்டினான். நம்முடைய ராட்சசனும் அதில் இருக்கிறான்! பெயர் ராட்சசன்தான், ஆனால் தலை புலித்தலை. பிரபு மாதிரி அங்கி போட்டு உட்கார்ந்து, கையில் புகைக்குழாய் வேறு வைத்திருக்கிறான். மந்திரம் ஓதிய அம்பு ஒன்று பட்டால் போதும், தீர்ந்தான். இலங்கையில் பதினெட்டு மாதம் படாத பாடு பட்டவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

பையன் தானாக யோசித்து வைத்திருந்த ராட்சசனுக்கு ஏழு தலை. ஏழும் வெவ்வேறு மிருகத்தின் தலை. "இது எப்பிடி மாமா?" என்றான்.

"தலையை எண்ணிப் பயப்படுகிற காலம் போய்விட்டதடா" என்று சொல்லி, அவனுக்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னேன். இரணியனைக் கிழித்த பிறகும் நரசிம்மத்தின் உக்கிரம் தணியவில்லை. அதை அடக்குவதற்குச் சிவபெருமான் சரபமாக வந்தார் என்பது ஒரு சாராரின் கதை. எட்டுக் கால், சிங்க முகம், பறவைச் சிறகு. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் சரபருக்குத் தனிச் சந்நிதியே இருக்கிறது. இன்னொரு சாரார் சும்மா இருப்பார்களா? சரபத்தைத் தோற்கடிக்க நரசிம்மம் கண்டபேருண்டமாக, இரண்டு தலைப் பட்சியாக மாறியது என்றார்கள். இப்படியே போயிருந்தால் நாலு தலை, நாற்பது கால் என்று கதை வளர்ந்திருக்கும். கேட்கிறவர்கள் பாயைப் போட்டுப் படுத்திருப்பார்கள். அந்தக் கண்டபேருண்டம் பிற்பாடு மைசூர் மகாராஜாக்களின் முத்திரையாயிற்று; இன்று கர்நாடக அரசின் சின்னத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் முந்தானைக்கு வந்து, இருதலைப் பட்சியாக ஜரிகையில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

அதே கதையில் நரசிம்மம் இன்றைக்கும் என்னை அசைக்கிறது. காரணம் சிங்க முகம் அல்ல, இரணியன். அவனைப் போல் தேர்ந்த ஆட்டக்காரன் உண்டா? மனிதனால் சாகக்கூடாது, மிருகத்தால் கூடாது. பகலில் கூடாது, இரவில் கூடாது. உள்ளே, வெளியே, பூமியில், ஆகாயத்தில், எந்த ஆயுதத்தாலும் கூடாது. எல்லாக் கதவையும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். அவன் போட்ட பட்டியலையே அளவாக வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தைத்த சட்டை மாதிரி ஓர் உருவம் தூணிலிருந்து வருகிறது. அந்திப்பொழுது, வாசற்படி, மடி, நகம். கேட்கிறவனுக்கு எது ஆச்சரியம்? புது மிருகம் வந்தது அல்ல. வெளியே விட்டது எதுவும் இல்லை என்று நினைத்தவனுடைய பட்டியலுக்குள்ளேயே இவ்வளவு இடம் இருந்ததே, அதுதான்.

பையன் தலையை ஆட்டினான். ஆனால் அவன் நண்பர்களுக்கு நரசிம்மாவதாரமும் மனப்பாடம். எனக்கு யோசனை ஓடவில்லை. படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில், என்னை அறியாமலே மாப்பிள்ளை எனக்கு வழி காட்டினார். தறிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்குகின்றன. கட்டம் போட்ட தாளில் வரைந்த உருவம் அட்டைத் துளையாகி, துளை இழையாகி, இழை அன்னமாகிறது. ஒரு சுற்று அட்டை முடிந்தால் ஓர் அன்னம் முடியும். மறுபடி முதல் அட்டை, மறுபடி அன்னம். கரை முழுவதும் ஒரே அச்சாக நடந்து போகும்.

"புதுசா ஏதாவது மிருகம் போட்டுப் பார்த்ததுண்டா, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"யாரு வாங்குவா மச்சான்? புதுசா போட்டா, என்னா இது, ஏதோ பொம்மைன்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்றார். நாடாவை இரண்டு தரம் ஓட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு தரம் ஒண்ணு செஞ்சேன். கரையில அன்னம் எல்லாம் முன்னால பாத்து நடக்குதுல்ல? நடுவுல ஒண்ணே ஒண்ணை மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால பாக்க வெச்சேன். அந்த ஒரு அன்னத்துக்குன்னு தனியா அட்டை குத்தணும். கூலிக்குக் கட்டுப்படியாகாது. இருந்தாலும் ஆசை. கடையில ஒரு பெரியம்மா, புடைவையே பொறந்ததுலேருந்து பாத்தவங்க, விரலால கரையைத் தடவிக்கிட்டே வந்தாங்க. அந்த அன்னத்துக்கிட்ட வந்ததும் விரல் நின்னுபோச்சு. 'இது எதைப் பாக்குது?'ன்னு கேட்டாங்க. வேற கேள்வியே இல்ல. எடுத்துக்கிட்டாங்க."

அந்தப் பெரியம்மாள் ஆயிரம் அன்னம் பார்த்தவள். அதனால்தான் ஆயிரத்தோராவது அன்னத்தில் அவள் விரல் நின்றது. ஒன்றும் பார்க்காதவள் அதைத் தாண்டிப் போயிருப்பாள். தெரிந்தவர்களை ஆச்சரியப்படுத்துவது கஷ்டம் என்று நாம் புலம்புகிறோமே, உண்மையில் அவர்களைத்தான் ஆச்சரியப்படுத்த முடியும். தெரியாதவர்களை வெறுமனே திடுக்கிட வைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. வெயில் காலத்தில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம். இரவு விடிய விடியக் கூத்து. திடலில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குப் பாரதம் முழுக்கத் தெரியும். பகாசுரன் எப்போது வருவான், எப்படிச் சாவான், எல்லாம் தெரியும். வருகிறவனைத் திரைத் துணி பிடித்து மறைத்துக்கொண்டு, அவன் கிரீடத்தையும் காலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார்கள். அதுவும் தெரியும். ஆனால் அந்தக் கதையில் எது பாட்டியை இன்னும் சிரிக்க வைக்கிறது? ஊரையே தின்கிற அசுரனுக்கு வண்டி நிறையச் சோறு கொண்டு போகிறான் பீமன். போய், அசுரனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோற்றைத் தானே தின்ன ஆரம்பிக்கிறான். அசுரன் ஓடி வந்து முதுகில் குத்துகிறான். பீமன் திரும்புவதில்லை, அடுத்த கவளத்தை உருட்டுகிறான். பசித்தவன் எதிரில் அவன் சாப்பாட்டை இன்னொருவன் தின்றால் அவன் அசுரனா, பாவப்பட்ட ஜீவனா? ஒரு கணம் நமக்குப் பகாசுரன் மேல் இரக்கமே வந்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது பையனுக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அவனுடைய ஆட்டத்தில் ஒரு துருப்பூச்சி உண்டாம். கைகாக்ஸ் கடையில் வாங்கிய, ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்துக் கற்பனை செய்தது அது. யாரையும் தின்னாது, அதன் சாப்பாடு இரும்பு. அதன் மீசை பட்டால் கவசம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். "டிராகனுக்குப் பயப்படாத வாள்வீரன் இதைப் பாத்தா ஓடுறான் மாமா! மூணு வருஷம் ஆடிச் சேத்த கவசமாச்சே!"

கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "தறி இருக்கிற வீட்டுல எலிக்குப் பயப்படுற மாதிரி" என்றார். இதைவிட நல்ல வியாக்கியானம் அந்த அமெரிக்கருக்கே கிடைத்திருக்காது.

ஆனாலும் எனக்கு இந்த ரகத்தில் எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று உண்டு. தென்னாட்டுக் கோயில் தூண்களில் பார்த்திருப்பீர்கள்: இடுப்புக்கு மேல் மனிதன், கீழே மிருகம். புருஷாமிருகம் என்று பெயர். வியாச பாரதத்தில் இதன் கதை கிடையாது. பாரதத்தை நன்றாகக் கேட்டுப் பழகின ஜனங்களுக்காக, பின்னால் யாரோ ஒரு கெட்டிக்காரன் சேர்த்துவிட்ட கதை. தருமர் செய்யும் யாகத்துக்குப் புருஷாமிருகம் வர வேண்டும். அழைத்துவரப் பீமன் போகிறான். பீமனின் கதை கேட்பவர்கள் உடனே என்ன எதிர்பார்ப்பார்கள்? மல்யுத்தம். அதுதான் நடக்கவில்லை. இந்தப் பிராணி பீமனைவிட வேகமாக ஓடக்கூடியது, பலசாலி, அகப்பட்டால் தொலைந்தான். அது ஒன்றே ஒன்றுக்குத்தான் நிற்கும். சிவலிங்கத்தைக் கண்டால் நின்று, நீராடி, பூஜை செய்துவிட்டுத்தான் மேலே நகரும். அவ்வளவு ஆசாரமான சிவபக்தி.

கிருஷ்ணன் பன்னிரண்டு ருத்திராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறான். பீமன் கோவிந்தன் பெயரைச் சொல்கிறான். மிருகத்துக்குக் கோபம் வந்து துரத்துகிறது. பீமன் ஓடுகிறான். கிட்டே வந்துவிட்டால் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே வைக்கிறான், அது லிங்கமாகிறது, மிருகம் நின்று பூஜை செய்கிறது. மறுபடி ஓட்டம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றைக்கும் சிவராத்திரிக்கு முன் தினம், கையில் விசிறியோடு, 'கோபாலா, கோவிந்தா' என்று கூவிக்கொண்டு, முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஜனங்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்துக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு ராட்சசக் கதை காகிதத்தில் நிற்காமல் ஜனங்களின் காலில் ஏறி ஓடுவது வேறெங்கே நடக்கிறது, சொல்லுங்கள்!

கதை அதோடு முடிந்திருந்தால் தந்திரக் கதை என்று சொல்லி விட்டுவிடலாம். பீமன் எல்லையைத் தாண்டும்போது ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மிருகம் அந்தக் காலைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கு தருமரிடம் போகிறது. அவர் தம்பி என்று பார்க்கவில்லை. பாதி உடம்பு மிருகத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லுகிறார்! இங்கேதான் என் மயிர் சிலிர்க்கும். இத்தனை நேரம் துரத்தி வந்தது ராட்சசன் என்று நினைத்தோம். வழக்கில் நியாயம் அதன் பக்கம் இருக்கிறது. கதையைத் தலைகீழாகப் பாடம் பண்ணினவனுக்கும் நியாயத்துக்கு எதிரே தூக்கிக் காட்ட ஆயுதம் ஏது? தீர்ப்பில் மகிழ்ந்து மிருகம் பீமனை விட்டுவிட்டது என்பது அப்புறம்.

ஒரியா மொழியில் பதினைந்தாம் நூற்றாண்டில் சாரளாதாசர் எழுதிய பாரதத்திலும் இப்படி ஒன்று வருகிறது. காட்டில் தவம் செய்யும் அர்ஜுனன் எதிரில் நவகுஞ்சரம் வந்து நிற்கிறது. சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால். கால்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதில் ஒரு கால் கால் அல்ல. பூவைப் பிடித்திருக்கும் மனிதக் கை. வில்லை வளைத்த அர்ஜுனன் அந்தக் கையைப் பார்த்ததும் வில்லைக் கீழே போட்டுக் கும்பிடுகிறான். வந்தது கிருஷ்ணன். ஒரிசாவின் வட்டச் சீட்டாட்டத்தில் இந்த நவகுஞ்சரம் ராஜா, அர்ஜுனன் மந்திரி. ஆட்டக்காரர்கள் கைக்கு ராட்சசர்கள் வந்து சேர்வது 1974-இல் தொடங்கிய சங்கதி இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

சனிக்கிழமை இரவு திண்ணையில் உட்கார்ந்து, நானும் பையனுமாக ஒரு பிராணியைச் செய்து முடித்தோம். ஏழு தலைக்காரனை அனுப்பிவிட்டு, மாப்பிள்ளையின் அன்னத்தை எடுத்துக்கொண்டோம். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்த அன்னம்தான். பாலுக்குப் பதிலாகப் பேச்சு. அது நீந்துகிற குளத்தின் கரையில் யார் எது பேசினாலும் பொய் தங்கிவிடும், உண்மை மட்டும் மற்றவர்கள் காதில் விழும். முழுப் பொய்யாகப் பேசினால் வாய் அசையும், சத்தம் வராது. காவிரிப்பூம்பட்டினத்தில் சதுக்கப் பூதம் என்று ஒன்று இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லுகிறதே, பொய்ச்சாட்சி சொல்லுகிறவர்களையும் போலித் துறவிகளையும் பிடித்துத் தின்னும் பூதம், அதன் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த அன்னம் யாரையும் தின்னாது. கொத்தவும் கொத்தாது.

"அப்போ எப்பிடி மாமா பயப்படுவாங்க?"

"குளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். படகுக்காரன் ஒருவன் இருப்பான். ஏறுகிற ஒவ்வொருவனையும், 'அக்கரைக்கு ஏன் போகிறாய்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பான். பதில் காதில் விழுந்தால்தான் படகில் ஏற்றுவான்."

"அன்னத்தைக் கொல்லலாமா?"

"தாராளமாக. அதற்கு எத்தனை உயிர் எண்ணிக்கை வைக்கலாம் என்கிறாய்?"

பையன் சற்று யோசித்தான். இருநூறு என்பான் என்று நினைத்தேன். "ஒண்ணு" என்றான். "ஒரே ஒரு அம்பு போதும். ஆனா எவன் அம்பு விடுறானோ, அவன்கிட்ட மறைக்கிறதுக்கு ஏதோ இருக்குன்னு மத்த மூணு பேருக்கும் தெரிஞ்சுபோகும்."

அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். என் தொழிலுக்கு வர வேண்டிய பிள்ளை, பொறியியல் படித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் ஊர் திரும்பிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குப் பையனிடமிருந்து டெலிபோன்.

முதல் அரை மணி நேரம் நாலு பேரும் அன்னத்தின் தந்திரம் என்ன என்று தேடியிருக்கிறார்கள். நெருப்பா, விஷமா, மாயமா? மந்திரவாதி மந்திரம் போட்டுப் பார்த்தான். சாதாரண அன்னம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் பயம் வந்ததாம். வில்லாளி நாணை இழுத்தான். "எதுக்குடா சுடுறே?" என்று திருடன் கேட்டான். அவன் வில்லை இறக்கிவிட்டான். படகுக்காரன் கேள்வியைக் கேட்டான். வாள்வீரன் முதலில் எழுந்து, "புதையலுக்காக" என்று ஜம்பமாகச் சொன்னான்.

"நான், 'வாய் அசையுது, சத்தம் வரல'ன்னேன் மாமா. எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடி சொன்னான், மறுபடி சத்தம் வரலன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் பகடையை உருட்டிக்கிட்டே இருந்தான். 'ஒரகடத்துல கார் கம்பெனியில வேலை கெடச்சிருக்குடா. அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி சேரணும். ஷிப்டு. ஞாயித்துக்கிழமை லீவு கெடைக்காது'ன்னான்."

"அது வாள்வீரன் பேசினதா, அவனே பேசினதா?"

"தெரியல மாமா. யாரும் கேக்கல. அவங்க அப்பாவுக்கே இன்னும் சொல்லலையாம். தறியில யாரு உக்காருவாங்கன்னு…" என்று இழுத்தான். பிறகு, "அம்மா டீ கொண்டாந்தாங்க. குடிச்சிட்டு அப்பிடியே உக்காந்திருந்தோம். எட்டு மணிக்குத்தான் கெளம்பிப் போனாங்க" என்றான்.

"அன்னத்தை என்னடா பண்ணினீங்க?"

"அது குளத்துலயேதான் இருக்கு மாமா. யாரும் தொடல. அவனுக்கு எந்த ராத்திரி ஒழியுதுன்னு ஷிப்டு பட்டியல் வந்ததும் சொல்றேன்னிருக்கான். இன்னும் மூணு பேரு பதில் சொல்லணும்ல?"